மேஜையில் எடுத்து வைத்த ஊதா

எங்கள் பங்குக் கோவிலின் பத்திரிகையான பங்கு மலரை நடத்தும் தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணாச்சி, கோவில்ல போடுத கலருக்கெல்லாம் என்ன அர்த்தம்னு நம்ம மலருக்கு எழுதிக் குடுங்க. ஒரு பக்கம் போதும். டேபிள் மாதிரி இருந்தா நல்லது. வெள்ளைன்னா இது, செவப்புன்னா இது, அவ்வளவுதான்" என்றார்.

அந்த அட்டவணையை முதலிலேயே கொடுத்துத் தொலைத்துவிடுகிறேன். வெள்ளை, மகிழ்ச்சிக்கும் தூய்மைக்கும். கிறிஸ்து பிறப்பு, உயிர்ப்பு, ஞானஸ்நானம், கல்யாணம். சிவப்பு, இரத்தத்துக்கும் நெருப்புக்கும். குருத்து ஞாயிறு, பெரிய வெள்ளி, தூய ஆவியார் பெருவிழா, வேதசாட்சிகளின் நாட்கள். ஊதா, மனம் வருந்துவதற்கு. தவக்காலம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம், இறந்தவர்களுக்கான அடக்கப் பூசை. பச்சை, நம்பிக்கைக்கு, மீதி எல்லா நாளும். முடிந்தது. இதைச் சொல்ல நான் எதற்கு? போனைத் தட்டினால் அதுவே சொல்லிவிடுமே. முப்பத்தோரு வருஷம் அந்தத் துணிகளைத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு மடித்து வைத்தவனிடம் கேட்க வேறு ஒன்றுமே இல்லையா என்று எனக்குக் கோபம் வந்தது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு பக்கத்தில் அடங்காது என்பதை மட்டும் சொல்லவில்லை.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. போன சீசனில் எங்கள் கோவிலில் ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். பூசை தென்காசியில், விருந்து குற்றாலத்தில் ஒரு ரிசார்ட்டில். அழைப்பு வந்திருந்தது, போனேன். பீடத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். கல்யாணத்துக்கு வெள்ளை விரிப்பு போட வேண்டிய இடத்தில் தோல் உரித்த பழம் மாதிரி ஒரு நிறம். நற்கருணை அப்பம் வைக்கும் பேழையின் திரையைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் போட்டிருந்தார்கள். அலங்கார வேலை பார்த்த பையனிடம் போய்க் கேட்டேன்.

"தம்பி, இது என்ன நிறம்?"

"பீச், அங்கிள். பொண்ணோட கவுனுக்கு மேட்ச்."

"இது எந்தத் திருநாளுக்குள்ள நிறம்னு தெரியுமா?"

"எல்லாக் கல்யாணத்துலயும் இப்ப இதுதான் அங்கிள் ஓடுது."

பையனைச் சொல்லிக் குற்றமில்லை. கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. சாமியார் வெளியே வந்தார். அவர் போட்டிருந்த மேலாடையும் பீச். கல்யாண வீட்டார் ஆர்டர் கொடுத்துத் தைத்து வாங்கியது. போட்டோக்காரர் சாமியாரை இரண்டு அடி தள்ளி நிற்கச் சொன்னார், அவரும் நின்றார். எனக்கு அன்றைக்கு விருந்து இறங்கவில்லை. பிரியாணி நன்றாக இருந்தது என்று என் மனைவி சொன்னாள்.

ஓய்வு பெறும் வரைக்கும் நான் பார்த்த வேலைக்கு எங்கள் பக்கம் கோவில்பிள்ளை என்று பெயர். மணி அடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, கல்லறைத் தோட்டத்துச் சாவியை வைத்திருப்பது எல்லாம் அதில் சேரும். ஆனால் வேலையின் நடு என்பது, பீடத்துக்குப் பின்னால் இருக்கும் உடுப்பறைதான். அகலமான இழுப்பறைகள் வைத்த தேக்கு அலமாரி ஒன்று அங்கே உண்டு. நிறத்துக்கு ஒரு இழுப்பறை. சாமியார் எந்த நாள் எந்த நிறம் உடுத்த வேண்டும் என்று நாட்காட்டி பார்த்து, அதை எடுத்து மேஜையில் வைப்பது என் பொறுப்பு.

எடுத்து வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கடைசியில் உடுத்துவது அடியில், முதலில் உடுத்துவது மேலே. ஆகவே நிறமுள்ள மேலாடையை முதலில் விரிக்க வேண்டும். அதன் மேல் அதே நிறத்தில் கழுத்திலிருந்து தொங்கும் நீளப் பட்டை. அதன் மேல் இடைக்கயிறு. எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளை அங்கி. சாமியார் அவசரமாக வருவார், மேலே இருப்பதை எடுத்து மாட்டத் தொடங்குவார். நிறம் அடியில் இருக்கும். அது கைக்கு வரும்போது மணி அடித்தாகியிருக்கும். எந்தச் சாமியாரும் அந்த நேரத்தில் இது ஏன், அது ஏன் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. மேஜையில் இருப்பதை உடுத்திக்கொண்டு போவார்கள்.

இருபத்து நாலு வயதில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்தவரைப் பெரிய சாமி என்போம். உருவமும் பெரிசுதான். துணி துவைப்பதிலிருந்து எல்லாம் அவர் காலத்தில் படித்தேன். அதை விவரிக்கப் போனால் இந்த மலர் புத்தகமாகிவிடும். ஒரு சம்பவம் மட்டும் சொல்கிறேன்.

சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் ஊரில் துணி உலராது. குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு அது குளுமை. துவைத்துப் போடுகிறவனுக்கு வயிற்றெரிச்சல். தூய ஆவியார் பெருவிழாவுக்குச் சிவப்பு. அடுத்த ஞாயிறு மூவொரு கடவுள் திருநாள், அதற்கு வெள்ளை. அந்த வருஷம் சிவப்பு உடுப்பைத் துவைத்து, ஈரம் போய்விட்டது என்று நானே நினைத்துக்கொண்டு, அவசரத்தில் வெள்ளை இழுப்பறையிலேயே வெள்ளைக்கு மேல் மடித்து வைத்துச் சாத்திவிட்டேன். அடுத்த ஞாயிறு காலையில் திறந்தால், இருந்த ஒரே நல்ல வெள்ளை உடுப்பு முதுகெல்லாம் சிவப்பு ஏறிக் கிடக்கிறது. மணி அடிக்கப் பத்து நிமிஷம்.

பெரிய சாமி வந்தார், பார்த்தார். அதையே போட்டுக்கொண்டு போய்ப் பூசை வைத்தார். சனம் முழுக்க அவர் முதுகைப் பார்த்தது. பூசை முடிந்து திரும்பி வந்து, கழற்றி மேஜையில் விரித்தார்.

"ஏலே, இது என்ன நிறம்?"

"செவப்பு ஒட்டிக்கிட்டு சாமி."

"செவப்புமில்ல, வெள்ளையுமில்ல. ரோசுலே இது. தவசு காலத்துல ஒரு ஞாயிறு, கிறிஸ்மசுக்கு முந்தி ஒரு ஞாயிறு. அழுதது போதும், கொஞ்சம் மூச்சு விடுங்கன்னு சனத்துக்குச் சொல்லுத நிறம். நம்ம கோவில்ல இல்லாம இருந்துது. இப்ப கெடச்சுட்டு."

சாயம் போடத் தெரிந்த ஒரு பாயிடம் என்னை அனுப்பி, அதைச் சீராக ரோஸ் ஏற்றி வாங்கினார். அந்த வருஷம் முழுக்கக் கிழிசல் தைத்த பழைய வெள்ளையைப் போட்டுக்கொண்டார். மாற்றலாகிப் போகும் வரைக்கும் என் தப்பை வருஷத்துக்கு இரண்டு தடவை பீடத்துக்குக் கொண்டுபோனார். ஒரு தடவைகூடக் குத்திக் காட்டவில்லை. ஆனால் எனக்கு அது ஆறவே இல்லை. இனிமேல் நிறத்தில் ஒரு தப்பும் என் கையால் நடக்கக்கூடாது என்று ஒரு வெறியே பிடித்துவிட்டது. உடுப்பறைச் சுவரில் ஒரு சிலேட்டை மாட்டி, அன்றன்றைய நிறத்தை எழுதி வைத்தேன். மறுநாளைக்கு உள்ளதை முதல் நாள் மாலையே இரண்டு தடவை நாட்காட்டியோடு ஒத்துப் பார்த்தேன்.

இந்த வெறிக்குச் சரியான ஆளாகப் பின்னால் ஒரு சாமியார் வந்து சேர்ந்தார். பங்கில் அவருக்குச் சட்டச் சாமி என்று பெயர். கெட்ட மனிதர் இல்லை. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் கட்டியிருப்பார். வழிபாட்டு விதிப் புத்தகத்துக்குக் காக்கி அட்டை போட்டு வைத்திருப்பார். வெள்ளைக் கைக்குட்டையால் இழுப்பறையின் உள்மூலையைத் துடைத்துப் பார்ப்பார். தூசி இருந்தால் கைக்குட்டையை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார், திட்டமாட்டார். அவரிடம் யாரும் எதையும் கேட்கத் தயங்குவார்கள். மறைமாவட்டத் தலைவரான ஆயர் வந்தபோது என்னைக் காட்டி, "நான் வந்ததுலேர்ந்து இவர் ஒரு நாள்கூட நிறம் தப்பவிட்டதில்லை" என்றார். என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு நெஞ்சை நிமிர்த்தி நடந்ததில்லை.

அந்தக் காலத்தில்தான் மிக்கேலம்மாள் மகன் இறந்தான்.

மிக்கேலம்மாள் குத்துக்கல்வலசையில் பீடி சுற்றிப் பிழைத்தவள். புருஷன் இல்லை. ஒரே மகன் அந்தோணி. ஆள் வளர்ந்துவிட்டான், மீசை வந்துவிட்டது, மனசு மட்டும் ஐந்து வயசிலேயே நின்றுவிட்டது. தினமும் காலைப் பூசைக்கு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வருவான். நேரே உடுப்பறை வாசலுக்கு வந்து மேஜையைப் பார்ப்பான். நான் அங்கியின் ஓரத்தைத் தூக்கி அடியில் இருக்கும் நிறத்தைக் காட்டுவேன். உடனே திரும்பி நடுக் கோவிலில் நின்று சத்தமாகச் சொல்லுவான்: "இன்னைக்குப் பச்சை!" வெள்ளை நாளாக இருந்தால் கையும் தட்டுவான். சனம் சிரிக்கும். சட்டச் சாமிகூட அவனைத் தடுத்ததில்லை. நாலு நிறமும் தப்பாமல் தெரிந்த ஆட்கள் பங்கில் இரண்டு பேர்தான், நானும் அவனும்.

ஒரு மழைக் காலத்தில் காய்ச்சல் கண்டு, மூன்றாம் நாள் பெரியாஸ்பத்திரியில் போய்விட்டான். வயது இருபத்தேழு. மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கப் பூசை என்று முடிவானது. உச்சி நேரத்தில் மிக்கேலம்மாள் உடுப்பறைக்கு வந்தாள். கையில் ஒரு சின்ன வெள்ளைத் துணி. ஞானஸ்நானத்தின்போது பிள்ளைக்குப் போர்த்தும் துணி. மடிப்பு கலையாமல் வைத்திருந்தாள்.

"அண்ணாச்சி, எம் மவனுக்கு வெள்ளை போட்டுப் பூசை வைக்கணும்."

"வெள்ளை சின்னப் பிள்ளையளுக்குத்தான் மிக்கேலம்மா. பெரியவங்களுக்கு ஊதா."

"அவன் பெரியவனா அண்ணாச்சி? இந்தத் துணியக் குடுக்கையில சாமி என்ன சொன்னாவ? இதுல அழுக்குப் படாமக் கொண்டுபோய்ச் சேக்கணும்னு சொன்னாவ. அவன் அழுக்குப் படுத்தலியே. பொய் சொல்லத் தெரியுமா அவனுக்கு? திருடத் தெரியுமா? எதுக்கு மனம் வருந்தணும் அவன்?"

புத்தகத்தில் அப்படி இருக்கிறது என்றேன்.

"சாமிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க. நான் போனா அழுதுருவேன். நீங்க சொன்னாக் கேப்பாவ."

"சரி, கேக்குதேன்" என்றேன்.

நாலு மணிக்குப் பெட்டி வந்தது. சட்டச் சாமி ஊதா உடுத்தி வெளியே வந்தார். மிக்கேலம்மாள் முதல் பெஞ்சிலிருந்து நிமிர்ந்து அந்த நிறத்தைப் பார்த்தாள். அழவில்லை. கையிலிருந்த வெள்ளைத் துணியை எழுந்து போய்ப் பெட்டிக்குள் மகன் நெஞ்சின் மேல் விரித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வழக்கமாக அவன் நின்று நிறம் சொல்லும் இடத்தில்தான் பெட்டியை இறக்கியிருந்தார்கள்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் என்னிடம், "முடியாதுன்னுட்டாவளா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன்.

இந்தச் சம்பவத்தை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் ரத்தம் கொதிக்கும். பின்னால் வந்த ஒரு சாமியாரிடம் விவரம் கேட்டேன். அடக்கப் பூசைக்கு ஊதாவும் போடலாம், வெள்ளையும் போடலாம் என்றார் அவர். புத்தகத்திலேயே இடம் இருந்திருக்கிறது! ஒரு ஏழைப் பொம்பிளை, பாவம் என்றால் என்னவென்றே தெரியாத தன் பிள்ளைக்கு ஒரு முழம் வெள்ளை கேட்டாள். அதற்கு வளையாத சட்டம் இன்றைக்குக் கவுனுக்கு மேட்ச்சாக வளைகிறது. பீச் நிறத்தைப் பார்த்து எனக்கு ஏன் வயிறு எரிந்தது என்று இப்போது புரிகிறதா? இந்த அங்கிள் பழைய காலத்து ஆள், புதுசு பிடிக்கவில்லை என்று அந்த அலங்காரப் பையன் நினைத்திருப்பான். புதுசு பழசு இல்லை தம்பி விஷயம்.

இப்போது எங்கள் கோவிலில் எல்லா அடக்கத்துக்கும் வெள்ளைதான். இறந்தவர் உயிர்த்தெழுவார் என்ற நம்பிக்கைக்காகப் போடுகிறோம் என்று சொன்னால் கும்பிட்டு ஒத்துக்கொள்வேன். நான் விசாரித்தபோது கிடைத்த காரணம் வேறு. வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் போனில் அடக்கத்தை நேரலையாகப் பார்க்கிறார்கள். கேமராவில் ஊதா கறுப்பாகத் தெரிகிறதாம். வெள்ளை நன்றாக எடுக்கிறதாம்.

மிக்கேலம்மாள் போன ஐப்பசியில் படுத்த படுக்கையானாள். நானும் என் மனைவியும் பார்க்கப் போனோம். எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். குரல் மட்டும் பழைய குரல்.

"அண்ணாச்சி, நான் போனா எனக்கு ஊதாவே போடச் சொல்லுங்க."

"இப்ப எல்லாருக்கும் வெள்ளைதான் போடுதாவ மிக்கேலம்மா."

"அதனாலதான் சொல்லுதேன். எம் பிள்ளைக்குக் கெடைக்காதது எனக்கு எதுக்கு? அவன் போன துணியிலயே நானும் போயிருதேன்."

மூன்று வாரத்தில் போய்விட்டாள். அடக்கத்தன்று நான் முன்கூட்டியே கோவிலுக்குக் கிளம்பினேன். ஷேர் ஆட்டோவில் வரும் வழியெல்லாம் இப்போதைய சாமியாரோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். அவர் இப்படிச் சொன்னால் நான் இப்படிச் சொல்ல வேண்டும், கேமரா பேச்சை எடுத்தால் பீச் கல்யாணத்தை இழுக்க வேண்டும், விடக்கூடாது. உடுப்பறையில் இப்போதைய கோவில்பிள்ளை வெள்ளையை எடுத்து வைத்திருந்தார். சாமியார் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, இந்த அம்மாவுக்கு ஊதா போடணும். அவங்க கடைசி ஆசை."

"ஊதாவா? சரி அண்ணாச்சி, எடுத்து வைங்க."

அவ்வளவுதான். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. நான் சேர்த்து வைத்துக்கொண்டு வந்த பேச்சு அத்தனையும் வீணாகிவிட்டது. அடி இழுப்பறையில் பழைய ஊதா கிடந்தது. பாச்சை உருண்டை வாசம். ஓரத்தில் பிரிந்த தையலை நான் வேறு நிற நூலால் தைத்த இடம் அப்படியே இருந்தது. அந்தோணிக்கு எடுத்து வைத்த அதே உடுப்பு. மேஜையில் விரித்து இஸ்திரி போட்டேன். மேலாடை, பட்டை, கயிறு, அங்கி. கை பழக்கத்தில் எல்லாம் முறையாக வைத்தது.

கேட்பதற்கு எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று? ஒரு நிமிஷம் ஆகவில்லை.

மேலே எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். அடித்துவிட்டு எழுதலாம் என்று பார்த்தேன், வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும். அந்தோணி அடக்கத்தன்று நான் சட்டச் சாமியிடம் கேட்கவே இல்லை. மிக்கேலம்மாள் உடுப்பறையை விட்டுப் போன பிறகு அவர் அறை வாசல் வரைக்கும் போனேன். உள்ளே ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் நிறம் தப்பாதவன் என்று ஆயர் முன்னால் பேர் வாங்கியவன், இதைப் போய்க் கேட்டால் என்ன நினைப்பார் என்று தோன்றியது. திரும்பி வந்து ஊதாவை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் வந்தார், மேஜையில் இருந்ததை உடுத்தினார், போனார். கேட்டிருந்தால் மறுத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அவரும் இப்போது இல்லை. இவ்வளவு காலமும் அவர் தலையில் கட்டிவிட்டு நான் கோபப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். அட்டவணையில் ஊதாவுக்கு நேராக மனம் வருந்துவதற்கு என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்குக் கோவிலில் அந்த நிறம் என் ஒருவனுக்குத்தான் உரியது. அதை அந்தப் பிள்ளைக்குப் போட்டேன்.

மலரில் இதைப் போடுவார்களோ மாட்டார்களோ, எனக்குக் கவலை இல்லை. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. போன ஐப்பசியில் பார்க்கப் போன அன்று மிக்கேலம்மாள் வீட்டில் நாங்கள் கிளம்புவதற்கு எழுந்தபோது, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு எனக்காவ சாமிட்ட போய்க் கேட்டியல்லா அண்ணாச்சி. அவிய முடியாதுன்னாலும், கேக்கதுக்கு நீங்க ஒருத்தராவது இருந்திய. அத நெனச்சுத்தான் நான் இத்தன வருசம் கோவிலுக்கு வந்தேன்."

நான் தலையாட்டினேன்.